வீட்டுக் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு டிவியில் பூங்கனி வருவாள் என்பது ஊர் முழுக்கத் தெரியும். அதில் அவள் என்ன சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூங்கனி என் வீட்டுக்காரி. அண்டி ஆபீஸ் என்று எங்கள் பக்கம் சொல்கிற முந்திரி ஆலையில் பருப்புக்குத் தொலி உரிக்கிறாள். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. வாசிப்பு நிற்கவில்லை. பருப்பு பொதிய வரும் பழைய பேப்பர், பஸ்சில் கிடக்கிற நோட்டீஸ், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், எதையும் விடமாட்டாள். உரிக்கிற பெஞ்சில் உட்கார்ந்து மற்ற பெண்களுக்குக் கேள்வி போடுவாள். பதில் பிசகினால் முகத்துக்கு நேரே "தப்பு" என்பாள். அந்தப் பெஞ்சில் பிரிஜா என்று ஒருத்தி. அவள்தான் இவளிடம் கேட்காமலே இவள் பெயரை 'உச்சிப்படி' நிகழ்ச்சிக்கு அனுப்பிவிட்டாள்.

நாலு சுற்று ஜெயித்துக் கடைசிச் சுற்றுக்குப் போனாள். அதைச் சென்னையில் ஐந்து வாரத்துக்கு முன்பே படம் பிடித்துவிட்டார்கள். டிவியில் வரும் நாள் வரைக்கும் ஜெயித்ததா தோற்றதா என்று யாரிடமும் சொல்லக் கூடாதென்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். எனக்குக் குவாரியில் லீவு தரவில்லை. அவள் திரும்பி வந்த காலையில் மட்டும் நாகர்கோவில் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவந்தேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் சாயா குடிக்கும்போது சொன்னாள்.

"கேட்டியளா. சுயம்புராஜுக்க காரியத்தை நான் சொல்லியாச்சு."

"யாருகிட்ட?"

"டிவில."

சாயா நாக்கைச் சுட்டது. எனக்கு முதலில் வாயில் வந்தது நல்ல வார்த்தை இல்லை. பிறகு கேட்டேன், "மார்க்குக்கு வேண்டியா சொன்ன?"

"மார்க்குக்கும்தான்" என்றாள். "பொய் சொல்லக்கூடாதுல்லா."

சுயம்புராஜ் எங்கள் குவாரியில் பாறையில் குழி போடுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போனான். குடித்துவிட்டு மேலேயிருந்து விழுந்தான், விழுந்த உடனே உயிர் போய்விட்டது என்று ஒரு தாளில் எழுதி ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம். என் பெயர் மூன்றாவது.

நடந்தது வேறு. குவாரியில் வெடிச் சத்தத்தை எண்ணுகிற வேலை என்னுடையது. எத்தனை குழியில் வெடிமருந்து வைத்திருக்கிறார்களோ அத்தனை சின்னக் கல்லைக் கையில் எடுத்துக்கொள்வேன். "வெடியோ வெடி" என்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு மறைவில் போய் நிற்பேன். ஒரு சத்தத்துக்கு ஒரு கல்லைக் கீழே போடுவேன். கை காலியானால் "சரி" என்று கூப்பிடுவேன். நான் கூப்பிட்டால்தான் ஆள் இறங்கும். கையில் கல் மிஞ்சினால் எங்கேயோ ஒரு குழி வெடிக்காமல் கிடக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேரத்துக்கு ஒருத்தரும் கிட்டே போகக் கூடாது.

அன்றைக்குப் பன்னிரண்டு குழி. கையில் ஒரு கல் மிஞ்சியது. டிப்பர் லாரிகள் ரோடு வரைக்கும் வரிசையில் நின்றன. மேனேஜர் அபிலாஷ் வாட்சைப் பார்த்தான். "ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும் அண்ணே, கூப்பிடும்" என்றான். அப்படியும் நடப்பதுண்டு. இரண்டு திரி ஒன்றுபோல எரிந்தால் இரண்டு வெடியும் ஒரே சத்தமாகத்தான் கேட்கும். நான் கடைசிக் கல்லையும் கீழே போட்டேன். "சரி" என்று கூப்பிட்டேன். சுயம்புராஜ் கடப்பாரையோடு இறங்கினான்.

அவனை வண்டியில் ஏற்ற நாற்பது நிமிடம் ஆனது. வண்டி அங்கேயேதான் நின்றது. பிராந்தி பாட்டில் வாங்கப் போன ஆள் திரும்பி வரவேண்டியிருந்தது. முதலாளியிடமிருந்து போனில் உத்தரவு வரவேண்டியிருந்தது. அத்தனை நேரமும் அவன் தலை என் மடியில்தான் இருந்தது.

இதை நான் பூங்கனியிடம் மட்டும்தான் சொன்னேன். சுயம்புராஜின் பெண்டாட்டி ஓமனா அண்டி ஆபீசில் அதே பெஞ்சில் பூங்கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொலி உரிக்கிறவள். கட்டியவன் குடித்துச் செத்தான் என்று அவள் அப்படியே நம்பிவிட்டாள். பகலில் இனிக் குடிக்கமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் பண்ணிக்கொடுத்திருந்தானாம். அந்தக் கோபத்தில் அவன் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துப் பழைய பாத்திரச் சாக்கில் போட்டுவிட்டாள். யாராவது அவன் பேச்செடுத்தால் "அந்தக் குடிகாரன்" என்றுதான் சொல்லுவாள். இரண்டு வருஷமாகத் தினமும் பூங்கனி அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை முதலாளி முத்துக்குமாரசாமி என்னைத் தேடிக் கம்பிரசர் பக்கம் வந்தார். அவர் அங்கே வருகிறவர் இல்லை. வெள்ளை வேட்டியில் பாறைப்பொடி படியும்.

"தாணுலிங்கம், ஞாயித்துக்கிழமை எல்லாரும் இங்க இருந்தாக்கும் பாக்கப்போறோம். பெரிய திரைக்குச் சொல்லியாச்சு."

"எதுக்கு மொதலாளி அதெல்லாம்."

"எதுக்கா? எனக்க குவாரியில வேலை செய்யுதவனுக்க பெஞ்சாதி டிவில வாறா. நான் ஒரு பொன்னாடை போத்தாண்டாமா?" தோளில் கை வைத்தார். கை கனமாக இருந்தது. "நீ எனக்குப் பக்கத்துலதான் இருக்கணும், கேட்டியா."

வீட்டுக்குப் போய்ப் பூங்கனியிடம் சொன்னேன். தலைவேதனை என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொள், நானும் வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நான் என்ன தப்பாவா பதில் சொன்னேன், ஒளிஞ்சு கிடக்கதுக்கு?"

"ஏட்டி, அவியளுக்கு முன்னால வச்சு அது ஓடுனா என்ன ஆகும்னு நெனச்சுப் பாத்தியா? வேலை போவும். வேலை மட்டுமா போவும்?"

"வேலை போனா அண்டி ஆபீசுக்கு வாங்க. தொலி உரிக்கத் தெரியாட்டாலும் எண்ணத் தெரியும்லா."

அவள் சோறு வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

லாரிகளை எடை போடும் இரும்புத் தளத்தில் நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஜனங்கள் ஏற ஏற ஆபீசுக்குள் எடை காட்டும் சிவப்பு எண் மாறிக்கொண்டே இருந்தது. சிலபேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். திரையைக் குவாரிக் குழிக்கு முதுகு காட்டி நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பின்னால் நூறடிக்குப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். வெயில் இறங்கியதும் அந்தப் பள்ளத்திலிருந்து ஈரக்காற்று வந்து திரையை ஆட்டியது. கேட்டில் ஒரு பேனர். பூங்கனியின் முகம் சின்னதாகவும் முதலாளியின் முகம் பெரிதாகவும் இருந்தது.

அண்டி ஆபீஸ் பெண்களுக்கு முதலாளியே வேன் அனுப்பியிருந்தார். பிரிஜா முதலில் இறங்கினாள். "ஏலே, சாயா மட்டுந்தானா? பாயசம் உண்டுன்னு சொன்னாவளே!" அவளுக்குப் பின்னால் ஓமனா. நல்ல சேலை கட்டி, பிச்சிப்பூ வைத்திருந்தாள். சுயம்புராஜ் செத்தபிறகு அவள் குவாரிக்குள் கால் வைப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. பள்ளம் இருக்கிற பக்கம் அவள் திரும்பவில்லை. நேரே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

முன்வரிசையில் முதலாளி, அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பூங்கனி. அபிலாஷ் மைக் பெட்டி பக்கத்தில் நின்றான். தாளில் கையெழுத்துப் போட்ட மற்றவர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்துக் கை அசைத்தார்கள். பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவர்கள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துக்கொண்டே நானும் கை அசைத்தேன்.

ஆறரைக்கு இசை வந்தது. திரையில் பூங்கனி படியேறி வந்தாள். கைதட்டல் அடங்க நேரமானது. எதிரில் ஒரு கல்லூரி ஆசிரியை, கோயம்புத்தூர்க்காரி, நல்ல நிதானமாகப் பேசினாள்.

'உச்சிப்படி'யின் கடைசிச் சுற்றில் ஒரு விதி இருக்கிறது. சரியான பதில் சொன்னால் பாதி மார்க்குதான். உடனே தொகுப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். தெரிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் படித்தேன் என்றால் அந்தப் பாதியோடு சரி. வாழ்க்கையில் பட்டோ கேட்டோ அறிந்தது என்றால்தான் முழு மார்க்கு. ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட விளையாட்டுக்கு "எப்படித் தெரியும்?" என்று கேட்கிற அளவுக்கு அது பரவியிருந்தது.

முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் யார் என்று கேட்டார். போர்ச்சுகீசியர் என்றாள் பூங்கனி.

"எப்படித் தெரியும்?"

"எங்க பக்கத்துல வயசானவிய முந்திரிமரத்தைக் கொல்லாமரம்னும் பறங்கிமாவுன்னும் சொல்லுவாவ சார். பறங்கிக்காரன் கொண்டுவந்த மா. நான் உரிக்கிற அண்டிக்க சரித்திரம் எனக்குத் தெரியாண்டாமா?"

முழு மார்க்கு. பெண்கள் விசில் அடித்தார்கள். பிரிஜா, "அண்டி ஆபீசுக்கு ஜே!" என்று கத்தினாள்.

முதலாளி என் பக்கம் சாய்ந்து, "இது என்னலே, பதில் சொன்னப்புறமும் ரெண்டாவது ஒருக்கா கேக்கான்?" என்றார்.

"அது அப்படித்தான் மொதலாளி. விதி."

"ஓ" என்றார். அவர் அதற்கு முன்னால் இந்த நிகழ்ச்சியைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்சுலின் எந்த உறுப்பில் சுரக்கிறது என்று ஒரு கேள்வி. கணையம் என்றாள். நாத்தனாரின் ஊசி டப்பாவில் இருந்த தாளை மூன்று தடவை வாசித்ததாகச் சொன்னாள். தொகுப்பாளர் சிரித்து, அது படித்தது என்று பாதி மார்க்குதான் கொடுத்தார். "அநியாயம்!" என்று பின்னால் குரல்கள். ஆசிரியை அரை மார்க்கு முன்னால் போய்விட்டாள். விளம்பரம் வந்தது. முறுக்கும் சாயாவும் கை மாறின. என் முறுக்கை நான் கையிலேயே வைத்திருந்தேன். அது வியர்வையில் நனைந்து பிசுபிசுத்தது.

பிறகு வீட்டுக் கேள்வி. கடைசிச் சுற்றின் கடைசிக் கேள்விக்கு அதுதான் பெயர், மார்க்கும் அதற்கு இரட்டிப்பு. போட்டியாளரின் வீட்டுக்குச் சோறு போடுகிற தொழில் எதுவோ அதிலிருந்து ஒரு கேள்வி. ஆசிரியையின் அப்பா நெசவாளி. தறியில் குறுக்கே ஓடுகிற நூலுக்கு என்ன பெயர் என்று கேட்டார். ஊடை என்றாள். எப்படித் தெரியும் என்றதற்கு, அப்பா அவளைத் தறிப்பக்கமே விட்டதில்லை, படித்துத்தான் தெரியும் என்று உண்மையைச் சொன்னாள். பாதி மார்க்கு.

"இப்போ முழு மார்க்கு எடுத்தா அக்கா ஜெயிச்சா" என்று பின்னால் யாரோ கணக்குச் சொன்னார்கள். ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

திரையில் கேள்வி எழுத்தாக வந்தது. கல் குவாரியில் வெடி வைத்து முடிந்ததும், ஆட்கள் உள்ளே போகும் முன் முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும்? கல்லின் அளவா, புகையின் நிறமா, வெடித்த சத்தங்களின் எண்ணிக்கையா, காற்றின் திசையா?

குவாரி ஆட்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சிரித்தார்கள். "லே தாணுலிங்கம், ஒனக்க வேலைலே அது!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் என் முதுகில் தட்டினான். முதலாளி சிரிக்கவில்லை. என் முழங்காலில் கை வைத்தார். பிடிக்கவில்லை, அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தார்.

"மூணாவது. சத்தத்துக்க எண்ணம்" என்றாள் திரையில் பூங்கனி.

தொகுப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்படித் தெரியும்?"

அவள் தலை குனிந்தாள். கைவிரல்களைப் பார்த்தாள். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்கள் திரையில் முறம் அளவுக்குத் தெரிந்தன. தலை நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

அடுத்து திரையில் காகிதப்பூ கொட்டிக்கொண்டிருந்தது. தொகுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு "முழு மதிப்பெண்!" என்றார். ஆசிரியை ஓடிவந்து பூங்கனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். கேடயத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். அவள் வாயைத் திறந்ததற்கும் காகிதப்பூ கொட்டியதற்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஜனம் எழுந்து குதித்தது. யாரோ பட்டாசு வெடிக்கட்டு கொளுத்தினார்கள். நான் எழவில்லை. உடம்பு முழுக்க ஒரு சுகம் பரவியது. பெரிய பாரத்தை இறக்கிவைத்தபின் தோளுக்கு வருமே, அந்தச் சுகம். தப்பித்தோம் என்று நினைத்தேன். வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் சுகம்தான் முதலில் வந்தது. கையிலிருந்த முறுக்கை வாயில் போட்டு மென்றேன்.

வெடிக்கட்டுச் சத்தத்துக்குள் முதலாளி என் காதருகே குனிந்தார்.

"பன்னிரண்டு குழின்னு சொன்னாளாமே."

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

"சேனல்காரனுவ போன மாசமே ஆபீசுக்குப் போன் போட்டானுவ. இப்பிடி ஒரு அம்மா பேசியிருக்கு, கேஸ் ஏதும் வருமான்னு. நான் சொன்னேன், பாவம், அவளுக்கு மனசு அவ்வளவு சரியில்ல, அதை வெட்டிப் போட்டிருங்கன்னு." சாயா கிளாசை ஒரு வாய் உறிஞ்சினார். "அஞ்சு வாரமா நீ எனக்க முகத்தைப் பாக்காம நடக்குத. நானும் பாத்துட்டேதான் இருக்கேன்."

"மொதலாளி..."

"கோவமே இல்லலே எனக்கு. ஆனா நாளையில இருந்து நீ எண்ணாண்டாம். வயசாச்சுல்லா, காது மந்தமா இருக்கும். கடப்பாரை எடுத்துட்டு நீ இறங்கு. சத்தத்தை அபிலாஷ் எண்ணிக்கிடுவான்."

அபிலாஷ் மைக் பெட்டி பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் சொல்லிவைத்தாகிவிட்டது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. நாளைக்கு எத்தனை குழி என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே பதினாறு போட்டு வைத்திருந்தார்கள்.

முதலாளி எழுந்து பூங்கனிக்குப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். இந்த மண்ணின் மகள் என்று ஐந்து நிமிடம் பேசினார். மைக்கை அவளிடம் கொடுத்து, "ரெண்டு வார்த்தை சொல்லு மக்கா" என்றார்.

பூங்கனி மைக்கை வாங்கினாள். "எல்லாருக்கும் வணக்கம். பிரிஜா இல்லன்னா நான் போயிருக்கமாட்டேன்" என்றாள். அவளுக்கு என்னிடம் முதலாளி சொன்னது கேட்டிருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போது பிரிஜா எழுந்தாள். "அதெல்லாம் இருக்கட்டுட்டி. முழு மார்க்கு போட்டானே, ஒனக்க பதிலை எங்க காணல்ல? எப்படித் தெரியும்னு கேட்டான், நீ வாயைத் தொறந்த, ஒடனே பூவைக் கொட்டிட்டான்!"

"ஆமா, ஆமா" என்று பெண்கள் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். "அந்தக் கோயம்புத்தூர்க்காரி எதுக்கு அழுதா? தோத்ததுக்கா அழுதா?" "எங்களையெல்லாம் பெஞ்சில பாதிப் பதில்ல விடுவியா நீ?"

முதலாளி சிரித்தார். "நேரம் இருந்திருக்காது, வெட்டியிருப்பாவ. பாயசம் ஆறுது, வாங்க வாங்க."

யாரும் நகரவில்லை. ஓமனா எழுந்து நின்றாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "சொல்லு அக்கா. எப்படித் தெரியும்?"

தொகுப்பாளர் கேட்பதைப் போலவே, கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரி கையைக் காட்டிக் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பூங்கனி சிரிக்கவில்லை. "எனக்கு நேரா தெரிஞ்ச காரியம் இல்ல ஓமனா" என்றாள். "இவிய சொல்லித் தெரிஞ்சதாக்கும். இவியளே சொல்லட்டு." மைக்கை என் முன்னால் நீட்டினாள்.

ஊருக்கே தெரிந்த விஷயம், குவாரிக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னாலும் நாளைக்குக் கடப்பாரைதான், சொல்லாவிட்டாலும் கடப்பாரைதான். பள்ளத்திலிருந்து காற்று வந்து திரையைத் தள்ளியது. நான் எழுந்து மைக்கை வாங்கினேன்.

"சுயம்புராஜ் போன அன்னைக்குப் பன்னிரண்டு குழி" என்றேன். என் குரல் பாறையில் மோதித் திரும்பி வந்தது. "பதினொரு சத்தந்தான் கேட்டேன். நான்தான் சரின்னு..."

மைக் செத்தது. அபிலாஷ் வயரைப் பிடுங்கிவிட்டான். ஆனால் அவ்வளவு ஜனத்தில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை, மைக் தேவையில்லாமல் போனது.

"நான்தான் சரின்னு கூப்பிட்டேன். அவன் நம்பி இறங்குனான். வெடிக்காத குழியில கடப்பாரை பட்டுது."

ஓமனாவின் கை இன்னும் கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரியே முகத்துக்குப் பக்கத்தில் நின்றது. மெதுவாக இறக்கினாள்.

"அப்போ குடிக்கல்லியா?"

"இல்ல."

"நாத்தம் வந்துதே. நான் மோந்து பாத்தேனே."

"பிறவு ஊத்துனது. சட்டையில."

"தாணுலிங்கம், போதும்" என்றார் முதலாளி. சத்தமாகச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தன் எழுந்து, வண்டி எடுக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு வெளியே நடந்தான். இன்னொருத்தன் உட்கார்ந்த இடத்திலேயே துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான். டிப்பர் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் அபிலாஷ் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

ஓமனா நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். என்னை அவள் இதுவரை ஏறெடுத்துப் பார்த்துப் பேசியதில்லை. பூங்கனியின் புருஷன் என்று ஒரு மரியாதை வைத்திருந்தாள். இப்போது ஒரு முழ தூரத்தில் நின்று கண்ணைப் பார்த்தாள்.

"விழுந்த ஒடனே போயிட்டாருன்னுதான் என்கிட்ட சொன்னாவ. ஒடனேயா அண்ணே?"

இதை யாராவது என்னிடம் கேட்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. குழி, சத்தம், சட்டை எல்லாவற்றுக்கும் பதில் இரண்டு வருஷமாக உள்ளே கிடந்தது. இதற்கும் கிடந்தது, ஆனால் அதை எடுத்து ஒரு பெண்பிள்ளையின் கையில் எப்படிக் கொடுப்பது? பிச்சிப்பூ வாசம் என் முகத்தில் அடித்தது.

"ஒடனேதான் மக்கா" என்றேன்.

"தப்பு" என்றாள் பூங்கனி.

பொன்னாடையைத் தோளிலிருந்து உருவிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். "அவளுக்குச் சரியான பதிலைச் சொல்லுங்க."

முதலாளி கேட் பக்கம் பார்த்துத் தலையை அசைத்தார். இரும்புக் கேட்டை யாரோ உருட்டிச் சாத்துவதும், கொண்டி விழுவதும் கேட்டது.

"நாப்பது நிமிசம்" என்றேன்.

டிப்பர்காரர்கள் எங்களைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். பிரிஜா ஒரு நாற்காலியைத் தூக்கிக் குறுக்கே போட்டாள். மற்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து எங்களைச் சுற்றி வந்து நின்றார்கள். ஓமனா அதில் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே, இரும்புத் தளத்தின்மேல், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எனக்கும் எதிரில் இடம் காட்டினாள்.

"அந்த நாப்பது நிமிசத்தையும் சொல்லும்" என்றாள்.